குடும்ப வரலாறு: துடைப்பம்

மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவருக்குக் கற்றுத்தரப்படும் முக்கியமான வேலைகளில் ஒன்று, நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது. பெயர், வயது, ஊர், தொழில். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. இதற்கு முன் என்னென்ன நோய் வந்தது. அதன் பிறகு 'குடும்ப வரலாறு' என்று ஒரு பகுதி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, காசநோய்? எந்த நோய் ரத்த வழியில் இறங்குகிறது, எது ஒரே வீட்டில் இருப்பதால் ஒட்டிக்கொள்கிறது என்று பிரித்தறிய இந்தக் கேள்விகள்.

ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக்கு எட்டாத காட்சி அல்ல இது. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. நீட் என்னும் சுவர் எழுப்பப்பட்ட பிறகும் இந்தக் கதவுகள் வழியே அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலரேனும் உள்ளே நுழைகிறார்கள். அவள் அந்தக் கேள்விகளைத் தன் வீட்டிலேயே கேட்டால் என்ன விடை வரும்? தாத்தா மஞ்சள் காமாலையில் போனார். அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்கு ஓயாத நீர்க்கடுப்பும் இடுப்பு வலியும். சித்தப்பாவின் கைகால் விரலிடுக்குகளில் ஆண்டு முழுவதும் ஆறாத புண். மூன்று தலைமுறை, ஒரே வீடு. இதை ரத்த வழி நோய் என்று யாராவது சொன்னால், அந்த ரத்தத்தில் எதுவும் இல்லை. மூன்று தலைமுறைக்கும் பொதுவாக இருந்தது ஒரு துடைப்பம்.

தொழில்நோய் எல்லா நாட்டிலும் உண்டு. சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு நுரையீரல் கெடும். அவன் மகன் வேறு வேலைக்குப் போனால் அவனுக்குக் கெடாது. சாதி இருக்கும் நாட்டில்தான் தொழில்நோய் பரம்பரை நோயாகிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்கிவைத்திருக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். அப்படி அடுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு நோயும் அடுக்கடுக்காகப் பங்கிடப்பட்டிருக்கிறது. இந்த உண்மையை நம் மருத்துவம் பார்க்க மறுக்கிறது என்பதே இங்கே நம் குற்றச்சாட்டு.

இத்தாலியில் மோடினா நகரில் வாழ்ந்த பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்னும் மருத்துவர் 1700ஆம் ஆண்டு தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலுக்குத் தூண்டுகோல் எது தெரியுமா? அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தொழிலாளி. ஏன் இப்படி அவசர அவசரமாக வேலை செய்கிறாய் என்று கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இந்தக் குழியில் நின்றால் கண் போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. ராமஸ்ஸினி அவர் கண்களைப் பார்த்தார். சிவந்து, மங்கிப் போயிருந்தன. மருத்துவர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுதினார்: நீ என்ன வேலை செய்கிறாய்?

தொழில்சார் மருத்துவம் என்ற துறையே மலக்குழியின் விளிம்பில்தான் பிறந்தது. 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை இன்னும் நிறுத்தாத நாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன மரியாதை? கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று ஒரு சொல் எழுதப்படும். கரும்பு வெட்டுபவரும் கூலி, கல் உடைப்பவரும் கூலி, சாக்கடை அள்ளுபவரும் கூலி. அந்த ஒற்றைச் சொல்லில் நோயின் காரணம் புதைக்கப்படுகிறது. வேலையைக் கேட்காத பேனா, அடுத்த கட்டத்தில் மட்டும் மறக்காமல் எழுதும்: 'குடிப்பழக்கம் உண்டு.'

இதனால் ஆள் சாவார். எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெட்டுக்காயமோ சேற்றுப்புண்ணோ உள்ள கைகால் படும்போது கிருமி உள்ளே நுழைகிறது. முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வரும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் விலை மலிவான, எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் மருந்திலேயே குணப்படுத்தலாம். சாக்கடையில் வேலை செய்பவர் காய்ச்சலோடு, கண் மஞ்சளித்து வந்து நிற்கிறார். வேலையைக் கேட்ட மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். கேட்காத மருத்துவருக்குச் சாராயம் மட்டுமே நினைவுக்கு வரும். முதல் மருத்துவரிடம் போனவர் பிழைப்பார். இரண்டாமவரிடம் போனவரின் மனைவியிடம், "குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டாரும்மா" என்று சொல்லி உடலைக் கொடுத்தனுப்புவார்கள்.

சமூக மருத்துவப் பாடத்தில் தொழில்நோய்கள் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே ஒவ்வொரு தூசிக்கும் ஒரு நோய்ப் பெயர் இருக்கிறது. கல் தூசிக்கு சிலிக்கோசிஸ். பஞ்சுத் தூசிக்கு பிஸினோசிஸ். நிலக்கரிக்கு ஆந்த்ரக்கோசிஸ். கரும்புச் சக்கைக்குக்கூட பகாசோசிஸ் என்று ஒரு பெயர் உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு மாநகரத்தின் குப்பையைக் கூட்டி, அதன் புழுதியையும் எரிந்த பிளாஸ்டிக் புகையையும் குப்பை லாரியின் டீசல் புகையையும் சேர்த்து உள்வாங்கிய நுரையீரலுக்கு என்ன பெயர்? பெயர் இல்லை. அது 'வீசிங்' என்று ஓ.பி. சீட்டில் எழுதப்பட்டு, ஐந்து நாள் மாத்திரையோடு முடிகிறது. ஆலைத் தூசிக்கெல்லாம் பெயர் வைத்த அறிவியல், சாதி ஒதுக்கிய தெருத் தூசிக்குப் பெயர் வைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். வீட்டுக் குப்பையில் ஒளிந்திருக்கும் ஊசியும் உடைந்த கண்ணாடியும் கையில் குத்துகின்றன. ஊசிக்குத்து என்றால் ஹெபடைடிஸ்-பி அபாயம். செவிலியருக்கு ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் விதிமுறை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதே ஊசி குப்பைக்கு வந்து துப்புரவுப் பெண்ணைக் குத்தினால்? சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். விடியற்காலையில் தெருவுக்கு வருகிறவளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை, நீரை அடக்கிக்கொள்கிறாள், சிறுநீர்த் தொற்று வருகிறது. மருத்துவமனையில் என்ன அறிவுரை? "நிறையத் தண்ணி குடிங்கம்மா." எந்தத் தெருவில், எந்தக் கழிப்பறையை நம்பிக் குடிப்பது?

மேன்ஹோலுக்குள் என்ன நடக்கிறது என்பதும் பாடத்தில் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கின் நரம்பே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. காப்பாற்ற இறங்குகிற தம்பியும் சாவது இதனால்தான்.

அந்தச் சாவுக்காவது ஒரு கணக்கு உண்டு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் சொன்னது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. அந்தக் கணக்கிலும் பித்தலாட்டம் செய்கிறார்கள்: கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று 2021இல் நாடாளுமன்றத்திலேயே ஒன்றிய அரசு கூறியது. சாக்கடையில் செத்தவர்களை 'அபாயகரமான துப்புரவு' என்ற வேறு கட்டத்துக்கு நகர்த்திவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிடும் அல்லவா?

குழிக்குள் செத்தவரையே இப்படி மறைப்பவர்கள், குழியிலிருந்து ஏறி வந்து பத்தாண்டுகள் இருமி, வீட்டுப் பாயில் சாகிறவரை எண்ணுவார்களா? அவருக்கு முதல் தகவல் அறிக்கை இல்லை, பிணக்கூறாய்வு இல்லை, நிவாரணம் இல்லை. அவர் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும். விஷவாயு நிமிடங்களில் கொல்வதை முப்பது ஆண்டுகளில் செய்து முடித்தால் அது இயற்கை மரணம்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், தொற்று அபாயம் மிகுந்த வேலையில் வரும் தொற்றுநோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் முதலாவதாகவே வைத்தது. ஆனால் மருத்துவர் 'கூலி' என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? அதே ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழில்நோயைக் கண்டறியும் மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அது தொழிற்சாலைக்குள் வேலை செய்பவருக்கு. தெருவும் சாக்கடையும் தொழிற்சாலை ஆகாதே!

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ராஜஸ்தான் அரசு 2019இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. நோய் சான்றளிக்கப்பட்டதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். தொகை போதுமா என்பது வேறு விவாதம். மெல்லக் கொல்லும் வேலையை ஓர் அரசால் எண்ண முடியும், சான்றளிக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

தமிழ்நாட்டு அரசுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாளே அமைச்சரவைக் கூட்டம் முடிந்து, தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் நுரையீரல், தோல் நோய்களுக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம் என்று அறிவித்தார்கள். அப்படியானால் இந்த வேலை நுரையீரலையும் தோலையும் தின்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. நோய் தரும் வேலை என்று தெரிந்த பிறகும், அந்த வேலையை எந்தப் பொறுப்பும் ஏற்காத ஒப்பந்தக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

இங்கே சிலர் குறுக்கே வருவார்கள். "கையுறை கொடுத்தாலும் போடுவதில்லை." காற்றுப் போகாத ரப்பர் கையுறையை மே மாத வெயிலில் எட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு குப்பையைப் பிரித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம். "குடிக்கிறார்கள்." நாற்றத்தைத் தாங்கக் குடிக்கிறார்கள், வேலையை நிறுத்துங்கள், பிறகு குடியைப் பற்றி உபதேசிக்கலாம். "இப்போது எல்லாச் சாதியும்தான் செய்கிறது." ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களில் 100க்கு 92 பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 பேர். இது அரசின் கணக்கு.

இத்தனையிலும் கொடியது 'வாரிசு வேலை'. வேலை தின்று அப்பா சாகிறார். கருணை அடிப்படை என்று சொல்லி அதே துடைப்பத்தை மகன் கையிலோ மனைவி கையிலோ கொடுக்கிறார்கள். படித்த பிள்ளைக்கும் பல இடங்களில் இதுதான் கதி. தாசில்தாரின் வாரிசு மேசைக்குப் போகிறார். துப்புரவுத் தொழிலாளியின் வாரிசு தெருவுக்குப் போகிறார். மனு எழுதியதை அரசாணை எழுத்தரின் கையெழுத்தில் நிறைவேற்றுவதற்குப் பெயர் கருணையா? வேலையோடு சேர்த்து நோயையும் வாரிசுக்கு எழுதிவைக்கிறது அரசு.

பெயரை மாற்றினார்கள். துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். கொரோனாவின்போது 'முன்களப் பணியாளர்' ஆனார். காலில் விழுந்து, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நுரையீரலுக்குப் பெயர் மாற்றம் தெரியாது.

நாம் கேட்பது இவைதான். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நலத்தைத் தொடர வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளும் அதில் கட்டாயம் இடம்பெறட்டும். கேஸ் ஷீட்டில் 'கூலி' என்ற சொல் ஒழியட்டும். என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தப் பாதுகாப்போடு என்று எழுதப்படட்டும். மாவட்டந்தோறும் இந்தத் தொழில்நோய்களுக்குச் சான்றளிக்கும் மருத்துவக் குழு அமையட்டும். சாக்கடைக்குள் செத்தவருக்கு உள்ள நிவாரணம், சாக்கடையால் செத்தவருக்கும் வேண்டும். வாரிசு வேலை என்றால் படிப்புக்கேற்ற வேறு வேலை, துடைப்பம் கூடாது. ஒப்பந்த முறை ஒழிந்து பணி நிரந்தரம் வேண்டும். இறுதியில், மனிதர் இறங்கும் குழி எதுவும் இருக்கக் கூடாது.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு நோயைப் பற்றி வகுப்பில் பேச வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த நோயைத் தந்தவர்கள். அடுத்த முறை குடும்ப வரலாறு எழுதும்போது, ரத்தத்தை மட்டும் கேட்காமல் வேலையையும் கேளுங்கள். அப்பா என்ன வேலை செய்தார், தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் அடித்தாலும் மீண்டும் எழுதுங்கள். இதுவரை எண்ணப்படாத சாவுகளுக்கு நாளை நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கப்போவது நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிதான்.