இரக்கம் ஒன்றோ, பலவோ?

'பிட்டி', 'சிம்பதி', 'மெர்ஸி' என்னும் ஆங்கிலச் சொற்கள் மூன்றிற்கும் 'இரக்கம்' என்றே பொருளெழுதி அமைகின்றனர் நம் மாணவருட் பலர். இஃது ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்காம்.

'சிம்பதி' என்பது, உடன் துன்புறுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. துன்புறுவானோடு ஒப்ப நிற்பது. 'பிட்டி' பெரும்பாலும் மேனின்று நோக்குவது. 'மெர்ஸி'யோ, ஒறுக்கும் ஆற்றலுடையான் ஒறாது விடுவது. மரண தண்டனை பெற்றவன் குடியரசுத் தலைவருக்கு விடுக்கும் கருணை மனு அதனைக் குறித்ததே. வைகை வறண்ட ஆண்டில் மதுரைப் புறத்து உழவனுக்கு 'மெர்ஸி' காட்டுதல் எங்ஙனம்? அவன் செய்த குற்றம் யாது? 'பிட்டி'யையும் அவன் வேண்டான். அவனுக்கு நாம் கடப்பட்டது 'சிம்பதி' ஒன்றே. அதனைத் தமிழிற் பரிவு எனலாம்.

இந்நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் அன்புடைமையை 8ஆம் அதிகாரத்தும், அருளுடைமையை 25ஆம் அதிகாரத்தும் வேறு வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு, தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனப் பரிமேலழகர் பிரித்துணர்த்தினார்.

மதுரை மிஷனைச் சார்ந்த வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, ஒருபொருட் பலசொற்களைத் தொகுத்தளித்தது. அச்சொற்கள் தம்முள் வேறுபடுமாற்றை விளக்கும் அகராதியே இனி வேண்டப்படுவது. இருமொழியும் பயிலும் கல்லூரி மாணவரே அதற்குரியர். பரிவு, இரக்கம், கருணை, அருள் என்னும் நான்கினின்றே அப்பணியைத் தொடங்குவோமாக.