ப்ளாக்செயின் நம்ம மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காப்பாத்துமா? ஒரு த்ரெட் 🧵

1/ "டாக்டர், இதை மட்டும் ஃபைல்ல எழுதாதீங்க."

ஓபியில் அடிக்கடி கேட்கிற வரி இது. ஹெச்ஐவி, மனநல மாத்திரை, கல்யாணத்துக்கு முன்னாடி நடந்த கருக்கலைப்பு... எழுதலைன்னா அடுத்த டாக்டர் தப்பான மருந்து கொடுத்துடலாம். எழுதினா, யார் கண்ணுல படுமோன்னு பயம். ரெண்டுமே நியாயம்தான்.

2/ இந்தப் பயத்துக்கு இப்ப ஒரு சர்வரோக நிவாரணி சொல்றாங்க: "எல்லாத்தையும் ப்ளாக்செயின்ல போட்டுட்டா யாராலயும் தொட முடியாது." இதுல பாதி உண்மை. மீதியை நம்பினா நமக்குத்தான் ஆபத்து. ஏன்னு பார்ப்போம்.

3/ ப்ளாக்செயின்னா ஒரு கணக்கு நோட்டுன்னு வச்சுக்கோங்க. அதோட பிரதி பல கம்ப்யூட்டர்கள்ல இருக்கும். ஒவ்வொரு பக்கத்துலயும் முந்தைய பக்கத்தோட "கைரேகை" இருக்கும். நடுவுல ஒரு பக்கத்தைத் திருத்தினா அடுத்த பக்கத்துல இருக்கிற கைரேகை பொருந்தாது. திருட்டு உடனே தெரிஞ்சிடும்.

4/ அந்தக் கைரேகைக்குப் பேர் ஹாஷ். உங்க டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கமோ நூறு பக்கமோ, ஷா-256 முறையில் அது 64 எழுத்தா சுருங்கும். "5 மி.கி" என்பதை யாராவது "50 மி.கி"ன்னு மாத்தினா அந்த 64 எழுத்துக் கோர்வையே வேற மாதிரி ஆயிடும். ஹாஷை மட்டும் வச்சுக்கிட்டு உங்க ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது.

5/ இதை நிஜமாவே செய்யற நாடு எஸ்டோனியா. சுமார் 13 லட்சம் மக்கள். 2008லிருந்து நாடு முழுக்க டிஜிட்டல் மருத்துவப் பதிவு. 2016ல் கார்ட்டைம் நிறுவனத்தோட ப்ளாக்செயின் நுட்பத்தை அதுல சேர்க்க ஆரம்பிச்சாங்க.

கவனிங்க: ரிப்போர்ட்டுகளை அவங்க செயின்ல ஏத்தலை. செயினுக்குப் போறது கைரேகைதான்.

6/ ஏன்னா திருத்தினதைக் கண்டுபிடிக்கிறது வேற, ரகசியத்தைக் காக்கிறது வேற.

ஃபின்லாந்துல வஸ்தாமோன்னு ஒரு மனநல சிகிச்சை நிறுவனம். ஆயிரக்கணக்கானவங்க தெரபிஸ்ட்கிட்ட மனம் விட்டுப் பேசின குறிப்புகள் திருடு போச்சு. 2020ல் நோயாளிகளுக்கே மிரட்டல் மெயில் வந்துச்சு: "200 யூரோ கொடு, இல்லன்னா வெளியிடுவேன்." பணத்தைக் கேட்டது பிட்காயின்ல. அதாவது ப்ளாக்செயின்ல! அந்தக் குறிப்புல ஒரு எழுத்தைக்கூட யாரும் மாத்தலை. ஹாஷ் கச்சிதமா பொருந்தும். மானம் போனது போனதுதான்.

7/ நம்ம ஊருக்கு வருவோம். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ரான்சம்வேர் தாக்கி சர்வர் படுத்துடுச்சு. ஓபி பதிவு, லேப்னு எல்லாம் பல நாள் கையெழுத்துல ஓடுச்சு. அந்த மாதிரி நேரத்துல ஹாஷ் என்ன செய்யும்? "ஃபைல் மாறிடுச்சு"ன்னு சொல்லும், அவ்வளவுதான். காப்பாத்துறது தனியா, நெட்டுல இணைக்காம வச்ச பேக்கப்.

8/ இன்னொண்ணு. பென்சிலின் அலர்ஜி இருக்கிறவருக்கு "அலர்ஜி இல்லை"ன்னு நாங்க தப்பா டைப் பண்ணிட்டா? ப்ளாக்செயின் அந்தத் தப்பையும் பத்திரமா பாதுகாக்கும். ராத்திரி டியூட்டியில் 80 பேரைப் பார்த்துட்டு டைப் பண்ற ஆளுக்கு எந்த டெக்னாலஜியும் துணைக்கு வராது.

9/ பெயரோட ரிப்போர்ட்டையே செயின்ல ஏத்திட்டா அழிக்கவும் முடியாது. ஆனா 2023ல் நம்ம நாட்டுல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கிற உரிமையைப் பேசுது. அழியாத நோட்டுல எதை அழிப்பீங்க?

10/ அப்ப எஸ்டோனியாகிட்ட கத்துக்க வேண்டியது என்ன? என் கருத்து: செயின் இல்லை, ஜன்னல்.

அங்க ஒருத்தர் நோயாளிகளுக்கான போர்ட்டல்ல போய், தன் ரிப்போர்ட்டை யார் திறந்து பார்த்தாங்கன்னு தானே பார்க்கலாம். வேண்டாம்னா டாக்டர்கள் பார்க்க முடியாம மூடியும் வைக்கலாம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம்ல? அது மாதிரி உங்க ஃபைலுக்கு ஒரு வில்லங்கச் சான்று. அந்தப் பட்டியலை ஆஸ்பத்திரிக்காரங்களே அழிச்சிடாம இருக்கத்தான் ப்ளாக்செயின் உதவும். அது நல்ல உபயோகம்.

11/ இப்ப உங்க கையில இருக்கிறது:

✅ 14 இலக்க ஆபா எண் கட்டாயம் இல்லை, உங்க விருப்பம்.
✅ கவுண்ட்டர்ல ஓடிபி கேட்டா, எதுக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. அந்த ஓடிபி உங்க கையெழுத்து மாதிரி.
✅ ரிப்போர்ட்டை ஃபேமிலி க்ரூப்ல போடாதீங்க. நிறைய ரகசியம் கசியறது அங்கதான்.
✅ டிஸ்சார்ஜ் சம்மரியில் அலர்ஜி, மருந்து அளவு சரியான்னு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே படிங்க.

12/ நாளைக்கு யாராவது "எங்க ஆஸ்பத்திரி ப்ளாக்செயின்ல இயங்குது"ன்னு பெருமையா சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "என் ஃபைலை யார் பார்த்தாங்கன்னு எனக்குக் காட்டுவீங்களா?"

இதுக்கு "ஆமா"ன்னு பதில் வர்ற அன்னைக்கு, "இதை எழுதாதீங்க டாக்டர்"னு சொல்றவங்க கொஞ்சம் குறைவாங்க. அதுவரைக்கும், எங்ககிட்ட மறைக்காதீங்க. ஃபைல்ல எப்படி எழுதலாம்னு சேர்ந்து பேசி முடிவு பண்ணுவோம். 🙏