மாறிப்போக எங்களுக்கு ஏது வழி

விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் என் அக்காவுக்குப் பிசிறு துடைக்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சாமானைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின்கூட அவள் கையை ஏற்கமாட்டேன் என்கிறது. அவள் மகனுக்குச் சென்னையில் பேர்போன பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதன் பேரை எழுதி விளம்பரம் தரப்போவதில்லை.

முதல் வருஷ முடிவில் போன் பண்ணினான். "மாமா, இங்க இருக்க முடியல. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல எடம் காலியாம், மாறிக்கிறேன்." கட் ஆஃப் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, இவன் உட்கார்ந்த மேசையில் அறைக்காரப் பையன்கள் சாப்பிட உட்காருவதில்லை. வேறென்ன காரணம் வேண்டும்?

ஆபீஸில் சொன்ன பதில் இது: "மாறினா ஸ்காலர்ஷிப் போயிடும். சர்டிபிகேட் வேணும்னா மிச்ச மூணு வருஷ பீஸைக் கட்டிட்டு வாங்கிக்க."

இரண்டாவது சொன்னது அப்பட்டமான அடாவடி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. முதலாவதுதான் விஷமம், ஏனென்றால் அது சட்டத்தின் வாயிலிருந்து வருகிறது. 1944 இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒரு நிபந்தனை உண்டு: மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் கல்லூரி மாறினால் உதவியை ரத்து செய்யலாம். காசுள்ளவன் பிள்ளைக்குக் கல்லூரி மாறுவது அவன் சொந்த விருப்பம். எங்கள் பிள்ளைக்கோ கோட்டை வரைக்கும் போகிற கோப்பு. பணம் மாணவனுக்கா, அவன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கா?

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916 இல் கொலம்பியாவிலிருந்து லண்டனுக்கு மாறினார். பரோடா உதவித்தொகை முடிந்ததும் 1917 இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. சேமிப்பையும் கடனையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போக 1920 ஆனது. அவருக்கு அறிவா குறைச்சல்?

ஒபாமா 1981 இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியை விட்டுக் கொலம்பியாவுக்கு மாறினார். நடுவில் மாறிவந்தவர் என்று யாரும் அவர் பட்டத்தைக் குறைத்துப் பேசவில்லை. இங்கேயோ ஒரு ஐ.ஐ.டி.யிலிருந்து இன்னொரு ஐ.ஐ.டி.க்கு மாறிப் படிக்க வழியே வைக்கவில்லை. பதினேழு வயதில் எந்தக் கதவுக்குள் தள்ளினார்களோ அதற்குள்ளேயே கிடக்க வேண்டும். கிடக்க முடியாமல் வெளியே வந்தவனை 'டிராப் அவுட்' என்று கணக்கெழுதி, பார்த்தீர்களா, தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று நம் தலையிலேயே பழியைப் போடுவார்கள்.

"சகிச்சுக்கிட்டுப் படிக்கணும் தம்பி" என்று நம்மாட்களே புத்தி சொல்கிறார்கள். எதற்குச் சகிக்க வேண்டும்? முதல் சூட்டில் வெந்த சாமானை மெருகு பூசி மறுசூளை ஏற்றுவது எங்கள் ஊரில் அன்றாட வேலை. கெட்டுப்போனதென்று எவனும் தூக்கி எறிவதில்லை.

அந்த நிபந்தனையை எடுக்க வேண்டும். உதவித்தொகை பையன் போகிற கல்லூரிக்குக் கூடவே போக வேண்டும். சாதித் தொல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதையே மாறுதலுக்குக் காரணமாக ஏற்க வேண்டும்.

முன் அனுமதி கேட்டு மனுப் போட்டு நாலு மாசமாகிறது. கோயமுத்தூர் இடத்தில் வேறு யாரோ சேர்ந்தாயிற்று. பையன் அதே அறையில்தான் இருக்கிறான்.