விழாவுக்கு ஆள் உண்டு, வழு திருத்த ஆள் இல்லை

தமிழ் மென்பொருள் ஒன்றின் வெளியீடு என்றால் எம்மவர் மண்டபம் எடுப்பர், மங்கள விளக்கேற்றுவர், பொன்னாடை போர்த்துவர், வாழ்த்துரைக்கு நால்வரையும் நன்றியுரைக்கு ஒருவரையும் ஒழுங்கு செய்வர். அடுத்த மாதம் அதே மென்பொருளில் வழு ஒன்று தென்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எழுதியவரை வசைபாடுவர், அல்லது அதைக் கைவிட்டுத் தத்தம் பெயரில் புதிதாக இன்னொன்றைத் தொடங்குவர். உள்ளதைத் திறந்து பார்த்து, வழுவைத் திருத்தி, உரியவரிடம் ஒப்படைக்கும் மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நாம் ஏனோ நினைப்பதேயில்லை.

இதற்கு நாம் கொடுத்த விலையை நேரில் கண்டவன் நான். ஈய அச்சை விட்டுக் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த பத்திரிகை அலுவலகம் ஒன்றில் 1990களில் பணியாற்றினேன். எமக்கு எழுத்துரு விற்றவர் தமக்கெனத் தனியொரு குறியேற்றத்தை வகுத்திருந்தார். அதன் அமைப்பைக் கேட்டால் தொழில் இரகசியம் என்பார். சில ஆண்டுகளில் அவரும் தொழிலை விட்டார், கணினிகளும் மாறின. இரவிரவாக விழித்திருந்து தட்டச்சிட்ட செய்திகள் இன்று நெகிழ்வட்டுகளில் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகக் கிடக்கின்றன. அவை போர்க்காலத்துச் செய்திகள். அச்சுப் பிரதிகளும் முழுமையாக எஞ்சவில்லை.

அக்காலத்தில் பாமினி ஒருபுறம், திஸ்கி ஒருபுறம், 1999இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்த டாம், டாப் என்பன இன்னொருபுறம். ஒவ்வொருவரும் தனிக்கோயில் கட்டினர். ஒருங்குறி பரவிய பின்னரே ஒருவர் எழுதியதை மற்றவர் தடையின்றி வாசிக்க முடிந்தது. மூலம் பூட்டப்பட்டிருந்த எழுத்துருவை எவராலும் திருத்த முடியாமற்போனது விற்றவரின் குற்றம். மூலம் திறந்திருந்தும் எவரும் தொடாமலிருந்தால் அது யார் குற்றம்?

‘அது வெள்ளைக்காரரின் வேலை, மேதைகளின் வேலை’ என்று தட்டிக்கழிப்போர் உண்டு. இலங்கையிலிருந்துகொண்டு இதைச் சொல்வது வெட்கக்கேடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்காக இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருள், மறுவருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. மாணவர்கள் திறந்த மூலத் திட்டங்களில் பணியாற்றுவதற்காக 2005இல் கூகிள் தொடங்கிய கோடைகாலத் திட்டத்தில், பல ஆண்டுகளாக உலகப் பல்கலைக்கழகங்களுள் முன்னணியில் நின்றது எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

நிரல் பங்களிப்பு என்றால் என்னவென்பது பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவருக்கு எளிதில் விளங்கும். முதலில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு திட்டமும் தனது விதிகளை எழுதி வைத்திருக்கிறது. அவற்றைப் படியாமல் நுழைபவர் ஆசிரியபீடத்துக்குள் செருப்புடன் வந்து உபதேசம் செய்பவருக்கு ஒப்பானவர். அடுத்து, வழுவை உமது கணினியில் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவேண்டும். நிகழ்த்த முடியாத வழுவைத் திருத்தினேன் என்பது வெறும் ஊகம். பின் களஞ்சியத்தைப் படியெடுத்து, தனிக் கிளையொன்றில் அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். போகிற போக்கில் பிறருடைய இடைவெளிகளையும் பெயர்களையும் ‘அழகுபடுத்தும்’ ஆசையை அடக்குவது இங்கேதான் மிகக் கடினம். எனக்குத் தெரிந்த நல்ல துணையாசிரியர் பலரிடமும் இந்நோய் இருந்தது. மாற்றியதைச் சோதிக்க வேண்டும். என்ன மாற்றினேன் என்பதை நிரலே சொல்லும். ஏன் மாற்றினேன் என்பதைக் குறிப்பில் நீர்தான் எழுத வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின் அந்த வரியைப் பார்த்துத் தலையைச் சொறியப்போகிறவருக்கு வேறு துணையில்லை.

லினக்ஸ் கருவுக்கு ஒட்டு அனுப்புவோர் அதனடியில் தம் பெயரை ஒப்பமாக இடுகின்றனர். லினக்ஸில் தனது நிரல் களவாகச் சேர்க்கப்பட்டுள்ளதென எஸ்சிஓ நிறுவனம் 2003இல் கிளப்பிய வழக்கையடுத்து, 2004இல் வந்த நடைமுறை இது. இதை அனுப்பும் உரிமை எனக்குண்டு என்ற உறுதிமொழியே அந்த ஒப்பம். பிறர் ஆக்கத்தைப் பெயர் மாற்றிப் பிரசுரிக்கும் எம் பத்திரிகையாளர் சிலர் இதைப் பார்த்துப் பழகலாம்.

இனி எண்ணிக்கைப் பித்தர்களுக்கு வருகிறேன். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ஒக்டோபர் மாதந்தோறும் நடத்திய ஹக்டோபர்ஃபெஸ்ட்டில், நான்கு இணைப்புக் கோரிக்கைகள் அனுப்பினால் ஒரு ரீ-சேர்ட் கிடைத்து வந்தது. 2020இல் அதற்காக உலகெங்குமிருந்து குப்பை குவிந்தது. அறிமுகக் கோப்பில் ஓரிரு புகழ்ச்சொற்களைச் சேர்த்துவிட்டு அதையே பங்களிப்பு என்றனர். பராமரிப்பாளர்கள் கொதித்தெழுந்த பின்னரே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என விதி மாற்றப்பட்டது. இப்போது அதைவிடக் கொடியது வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு கக்கியதைத் தானே வாசித்துப் பாராமல் அனுப்புவோர் கூட்டம். அதை எழுத ஒரு நிமிடம் போதும். பொய்யென்று நிறுவப் பராமரிப்பாளருக்கு அரை நாள் வேண்டும்.

அந்தப் பராமரிப்பாளர் பெரும்பாலும் ஊதியமின்றி, வேலை முடிந்த இரவில் உட்கார்ந்திருப்பவர். அவரைக் களைப்படையச் செய்வதன் விளைவை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சுருக்கு நிரலைத் தனியொருவர் பேணி வந்தார். உதவ வந்தவராக நடித்த ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நல்ல ஒட்டுகளை அனுப்பி நம்பிக்கை பெற்று, இறுதியில் புறவாசல் ஒன்றைச் செருகினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகச் செல்கிறதே என்று ஐயுற்றுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிரூண்ட் என்ற பொறியியலாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஓப்பன்-எஸ்எஸ்எல் மென்பொருளில் 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்ட நிரலில் ஒரு நீள அளவு சரிபார்க்கப்படாமல் விடப்பட்டது. அனுப்பியவரும் காணவில்லை, பரிசீலித்தவரும் காணவில்லை. 2014 ஏப்ரல் வரை ‘ஹார்ட்பிளீட்’ வழு உயிரோடிருந்தது. அங்கே தேவைப்பட்டது இன்னொரு சோடிக் கண்கள். ஆகவே புதியவர் ஒருவர் நிரலெழுதுமுன் பிறர் அனுப்பியதை வாசித்துச் சோதித்துச் சொன்னாலே அது பெரும் பங்களிப்பு. உமது ஒட்டை மூன்று தடவை திருப்பியனுப்புகிறார்களே என்று முகங்கோணவும் வேண்டாம். என் முதற் கட்டுரையை ஆசிரியர் ஐந்து தடவை திருப்பினார்.

தமிழருக்கென ஒரு வேலையைக் கேட்பீர்களானால், அது இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்பொக்ஸ், குரோம் ஆகியவற்றில் எழுத்துப் பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற திறந்த மூல நிரல். அதற்கு ஒரு மொழியைக் கற்பிப்பவை இரண்டே கோப்புகள்: ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றதில் விகுதி விதிகள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்று ஒரே சொல்லில் ஓர் ஊரையே ஏற்றும் எம் மொழிக்கு அந்த விதிகளை எழுதுவது எளிதன்று. நல்ல சொற்களின் கீழெல்லாம் சிவப்புக் கோடு நெளிவது அதனாலேயே. இலக்கணம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பேர்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிரலெழுதுகிறார்கள். அக்கோப்புகள் இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்தத் தொகுப்பியிலும் திறக்கும்.