ஏரி காத்தவரும் ஏரி காப்பவர்களும்

மதுராந்தகம் கோதண்டராமர் திருக்கோயிலின் கருவறையில் பெருமான் சீதாபிராட்டியின் கரத்தைப் பற்றியபடி சேவை சாதிக்கிறார். இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில் விபண்டக முனிவருக்குத் திருமணக் கோலத்தில் காட்சி தந்தருளிய நிலை இது என்பது தல வரலாறு. வகுளாரண்யம் எனப் பெயர் பெற்ற இத்தலத்தின் மகிழமரத்தடியில்தான் பெரிய நம்பிகள் இராமாநுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்தார். துறவு கொள்வதற்கு முன் நிகழ்ந்தது அது. ஆகவே உடையவர் இங்கே வெண்ணிற ஆடையுடன் எழுந்தருளியிருக்கிறார். இத்தனை பெருமைகள் இருந்தும், ஊராரின் நாவில் இப்பெருமானுக்கு நிலைத்த பெயர் ‘ஏரி காத்த இராமர்’ என்பதே.

பெயருக்குக் காரணமான நிகழ்ச்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்ததாகக் கூறப்படுகிறது. கிழக்கிந்தியக் கும்பினியாரின் செங்கற்பட்டு ஜாகீருக்கு லயோனல் பிளேஸ் என்பவர் அப்போது கலெக்டராக இருந்தார். மழைக்காலத்தில் மதுராந்தகம் ஏரியின் கரை உடைந்து ஊர்களை அழிப்பதும், வெயில் வந்தபின் கரையைச் செப்பனிடுவதும் வழக்கமாகிவிட்டிருந்தன. ஏரிப் பணிக்கெனப் பொருள் திரட்டப்பட்டிருப்பதை அறிந்த கோயிலார், ஜனகவல்லித் தாயாருக்குத் தனிச் சந்நிதி எழுப்ப அதில் ஒரு பகுதியைத் தந்துதவுமாறு துரையிடம் விண்ணப்பித்தனர். உங்கள் தெய்வம் இந்த ஆண்டு ஏரியைக் காத்துக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் மறுமொழி சொன்னாராம்.

அவ்வாண்டு மழை வலுத்தது. ஏரி விளிம்பு வரை நிறைந்தது. நள்ளிரவில் குடையும் விளக்குமாகக் கரையைப் பார்வையிடச் சென்ற துரை, மின்னல் ஒளியில் வில்லேந்திய இளைஞர் இருவர் கரையின்மீது உலாவிக் காவல் புரிவதைக் கண்டார். உடன் வந்தோர் கண்களுக்கு எதுவும் புலப்படவில்லை. அவர் மட்டும் சேற்றில் மண்டியிட்டுத் தொழுதார். பொழுது விடிந்தபோது கரை நின்றது. வாக்களித்தபடி தாயார் சந்நிதிப் பணி நிறைவேறியது. அத்திருப்பணி அவருடையது என்னும் கல்லெழுத்தும் கோயிலில் தமிழில் பொறிக்கப்பட்டது.

இக்கதையை அறியாத வைணவக் குடும்பம் தொண்டை நாட்டில் அரிது. அதே கலெக்டரின் பெயர் இங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் மற்றோர் ஏரியோடும் பிணைந்திருக்கிறது என்பதை அறிந்தவர் அத்தனை பேர் இல்லை. அவ்வேரி வேடந்தாங்கல்.

‘தாங்கல்’ என்பது இப்பகுதியில் சிற்றேரிக்கு வழங்கும் சொல். வேடர்களின் தாங்கல் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஊர் வேட்டையைத் தடுத்த ஊராகப் புகழ்பெற்றது விந்தைதான். 1790-களில் வெள்ளைச் சிப்பாய்கள் இவ்வேரிக்கு வந்து மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டனர். ஊர் மக்கள் திரண்டு சென்று கலெக்டர் பிளேஸிடம் முறையிட்டனர். இவ்வேரியில் பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்னும் உறுதியைக் கவுலாக எழுதிப் பெற்றனர். 1858-இல் அந்த உரிமையைப் புதுப்பித்தும் வாங்கினர். அரசு முறையாக இவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது 1936-இல். இன்றைய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பின்பு வந்தது. ஆட்சியாளர் மாறினாலும் ஊரார் தம் கோரிக்கையை விடவில்லை என்பதே இதில் பெரிது.

அவர்கள் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தனர்? புலால் மறுத்த சமயப் பற்று ஒன்றே காரணம் என்று சொன்னால் அது அழகாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது. வேடந்தாங்கல் உழவர்கள் கண்கூடாகக் கண்ட பயன் ஒன்று இருந்தது. பல்லாயிரம் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கரைகிறது. மதகு திறந்து அந்நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்திருப்பதை இக்கால வேளாண்மை எடுத்துரைக்கிறது. ஏர் பிடித்தவர்கள் அதை நெற்கதிரில் படித்திருந்தனர். அதிதி என்று வருவோர்க்கு இடம் கொடுத்தால் அவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள் என்பது இவ்வூர் அறிந்த பாடம்.

ஏரியின் ஆண்டு புரட்டாசியில் தொடங்குகிறது எனலாம். கோடையில் வற்றி வெடித்துக் கிடந்த நீர்ப்பரப்பு அப்போதுதான் முதல் மழைக்கு ஏங்கி நிற்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வரத்துக் கால்வாய்கள் வழியே செந்நீர் வந்து சேரும். மேலே உள்ள வளையபுத்தூர் ஏரி நிறைந்து வழியும் நீரும் இங்கு வருவதுண்டு. தொண்டை நாட்டு ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. மேலேரியின் கலங்கலில் வழிவது கீழேரிக்கு வரத்து. ஆகவே ஓர் ஊர் தன் கால்வாயைத் தூர்ந்துபோக விட்டால் அடுத்த ஊரின் நடவு தவறும்.

நீர் ஏறியதும் நீரில் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் தீவுகளாகிவிடும். பறவைகளுக்கு வேண்டியது இதுதான். பூனையும் நரியும் நீரைக் கடந்து கூட்டை எளிதில் அணுகா. நத்தைகுத்தி நாரை முதலில் வரும் கூட்டத்தில் இருக்கும். பிறகு நீர்க்காகம், வக்கா, கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா என ஒவ்வொன்றாக வந்து சேரும். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஒரு மரத்தில் மேல்மாடியில் ஓர் இனம், கீழ்க்கிளையில் ஓர் இனம் என்று பங்கிட்டுக்கொண்டு குடியிருக்கும். இரைக்கு அவை சுற்றிலும் உள்ள ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் பறந்து செல்கின்றன. எனவே வேடந்தாங்கலின் பறவையைக் காப்பாற்ற வேடந்தாங்கல் மட்டும் போதாது. அண்டை ஊர்களின் நீரும் தூயதாக இருக்கவேண்டும்.

பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் வேளையில்தான் தீபாவளி வருகிறது. ஊரில் வெடிச் சத்தம் கேட்பதில்லை. கங்கா ஸ்நானம் உண்டு, புத்தாடை உண்டு, பட்சணம் உண்டு. பட்டாசு மட்டும் இல்லை. முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவை வெடிக்கு அஞ்சி எழுந்து பறந்தால், காகத்திற்கும் பருந்திற்கும் கூடு திறந்து கிடக்கும். இவ்வழக்கம் தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. பெரியோர் இதைக் கடைப்பிடிப்பதில் வியப்பில்லை. பக்கத்து ஊரின் வானவேடிக்கையைத் தொலைவில் பார்த்துக்கொண்டு நிற்கும் சிறு பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவேண்டும். ஏகாதசி உபவாசத்தையும் சபரிமலை மாலையையும் அறிந்த நமக்கு, இதை விரதம் என்று அழைப்பதில் தயக்கம் இருக்க நியாயமில்லை. இதற்குச் சங்கற்பம் செய்துவைக்கும் புரோகிதர் இல்லை, அவ்வளவுதான்.

மார்கழி, தை மாதங்களில் குஞ்சுகளின் கூச்சல் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சம்பா அறுவடை முடிந்து நவரைப் பட்டத்திற்கு நீர் விடும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. இங்கேதான் ஊரின் நிதானம் சோதிக்கப்படுகிறது. ஏரியில் உள்ள நீரையெல்லாம் வயலுக்கு இறைத்துவிட்டால் மரத்தடியில் தரை தெரிந்துவிடும். குஞ்சுகள் பறக்கும் முன்பே கூடுகள் பகைக்கு எளிதாகும். நீரைத் தேக்கி வைத்தால் நடவு வாடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இவ்வழக்கு எழுவதே இல்லை. மழை பொய்த்த ஆண்டிலோ வழக்குக்கும் இடமில்லாமல் பறவைகள் கூடு கட்டாமலே சென்றுவிடுகின்றன. நடுத்தரமான ஆண்டுகள்தாம் கடினமானவை.

பொது நீரை இப்படி அளந்து காக்கும் அறிவு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் 360 நாள் அப்பொறுப்பை வகித்தனர். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்பது விதி. அண்மைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. ஏரியில் தூர் வாருவதற்கெனப் பொன் வைத்து அறக்கட்டளை நிறுவியோரும் அவ்வூரில் இருந்தனர். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வைக்கும் முதலுக்கும், ஏரியில் மண் எடுக்க வைக்கும் முதலுக்கும் அவர்கள் வேற்றுமை பாராட்டவில்லை. நம் காலத்தில் விளக்குக்கு உபயதாரர் வரிசையில் நிற்கின்றனர். தூர் வாருதலை அரசின் பொறுப்பு என்று விட்டுவிட்டோம்.

குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாட்டில் வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் கோடையில் ஏரிக்குள் இறங்கி மண் எடுப்பது கடமையாக இருந்தது. எடுத்த வண்டல் வண்டியேறி வயலுக்கு எருவாகப் போயிற்று, கரையும் உயர்ந்தது. மடை திறந்து வயல்வயலாக நீரைப் பங்கிட்டுவிட ஒருவர் ஊரால் நியமிக்கப்பட்டார். கம்புகட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் அழைக்கப்பட்ட அவருக்குக் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தனர். ஏரி நிறைந்து கலங்கல் வழியும் நாளில் ஊரார் கரைக்குச் சென்று மஞ்சளும் குங்குமமும் பூவும் நீரில் இட்டு வணங்கினர். இன்றும் பல ஊர்களில் வணங்குகின்றனர்.

மதுராந்தகத்துக் கரையில் இராமலக்ஷ்மணர் காவல் நின்ற இரவை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். இரவில் குடை பிடித்துக் கரையைப் பார்க்கப் போனவர், தம் கடமையாகவே போனார். மண் சுமந்து கரையை உயர்த்திய கூலியாட்கள் தம் தோள் வலியோடு உறங்கிக்கொண்டிருந்தனர். மனிதர் செய்யவேண்டியதைச் செய்து முடித்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நின்ற நேரத்தில் வில்லோசை கேட்டது. கரையைச் செப்பனிடாமல் படுத்திருந்த ஊருக்குப் பெருமான் காவல் வந்ததாகத் தல வரலாறு சொல்லவில்லை.

வேடந்தாங்கலுக்கு இன்று பெயர்களும் பட்டங்களும் குறைவில்லை. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில் அமைந்த பகுதி முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அண்மையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. ஆயினும் அறிவிப்புப் பலகை நீரைக் கொண்டு வருவதில்லை. வரத்துக் கால்வாயில் வீட்டு மனை ஏறினாலோ, மேலேரியில் கழிவு கலந்தாலோ, கீழே உள்ள ஊர் எத்தனை தீபாவளிகளை மௌனமாகக் கழித்தாலும் பயனில்லை.

மதுராந்தகம் செல்லும் அன்பர்கள் கார்த்திகை முதல் மாசிக்குள் சென்றால் இரண்டு ஏரிகளையும் ஒரே நாளில் காணலாம். காலையில் பெருமானையும் தாயாரையும் சேவித்துவிட்டுப் பிற்பகலில் வேடந்தாங்கலுக்குச் செல்வது நலம். இரைக்குப் போன பறவைகள் மாலையில்தான் கூட்டமாகத் திரும்பும். கரையில் வானொலிப் பாட்டும் உரத்த பேச்சும் வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொள்வர். பங்குனி பிறந்ததும் குஞ்சுகள் பறக்கப் பழகிவிடும். இராமநவமிக்கு மதுராந்தகம் ஆயத்தமாகும் நாள்களில் வேடந்தாங்கலின் மரங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. நீர் இறங்கிய இடத்தில் மாடுகள் மேயத் தொடங்குகின்றன. கோடை முதிர்ந்ததும் மண்வெட்டிகள் ஏரிக்குள் இறங்கும் பருவம் வருகிறது.