பழைய பெட்டகம், புதிய வாயில்

கணினியில் ஆவணங்களைக் காக்கும் ‘லோட்டஸ் நோட்ஸ்’ மென்பொருள் 1989இல் வெளிவந்தது. நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019இல், தமிழரான சிவ் நாடார் நிறுவிய எச்.சி.எல். அதனை ஐ.பி.எம். நிறுவனத்திடமிருந்து வாங்கிற்று. அதன் பழைய செயலிகளை மாற்றி எழுதாமலே கைப்பேசியிலும் உலாவியிலும் இயக்க ‘நோமாட்’ என்னும் வழியையும் அளித்தது. பழையது என்றாலே களைந்தெறிவோர் இதனைக் கருதுதல் நன்று.

அம்மென்பொருளின் தனிச்சிறப்பு அதன் தோற்றமன்று, படியெடுக்கும் முறையே. இணைப்பு அறுந்தாலும் கைவசமுள்ள படியில் எழுதலாம். இணைப்பு மீண்டதும் அது தலைமைக் கணினியோடு ஒத்திசையும். இணையத்திற்கு மாறுவோர் பலர், கண்கவர் திரைக்காக இதனையே கைவிடுகின்றனர். சங்கராபுரம் கடைத்தெருவில் இக்குறை தோன்றாது. கல்வராயன் மலைச்சரிவில் உதவித்தொகைப் படிவம் நிரப்பும் மாணவிக்கோ, கடைசிக் கட்டத்தில் அலை அற்றால் எழுதிய அத்தனையும் பாழ். புதுச் செயலி வாங்கும் கல்லூரிகள், இணைப்பைத் துண்டித்துவிட்டு அதனை இயக்கிக் காட்டுமாறு விற்போரை முதலில் கேட்க வேண்டுமென்பது எம் கருத்து.