மூளைக்கும் பூட்டா?

பழைய கார் ஒன்று நடுச்சாலையில் நின்றது. இதற்கொரு கட்டுரையா என்று கேட்பார்கள், குளிரூட்டிய அறையிலே கொலுவிருக்கும் கோமான்கள். கேட்கட்டும்! நின்றது கார் மட்டுமன்று, தோழர்களே! அந்தக் காரை நம்பி நடந்த ஒரு சிறு அச்சகமும் நின்றது. அதில் அடுக்கிக் கிடந்த திருமண அழைப்புகளும், மறுநாள் பொதுக்கூட்டத்துக்கான துண்டறிக்கைகளும் நின்றன.

வண்டிக்கு உரியவர் நம் கிளைக் கழகத் தோழர். வண்டி 2006 ஆம் ஆண்டினது. காலையில் ஓடும், சூடேறினால் நிற்கும், நிழலில் அரைமணி நேரம் விட்டால் மீண்டும் ஓடும். நிறுவனத்தின் பெயர்ப்பலகை தாங்கிய பணிமனைக்குக் கொண்டுபோனார். கருவியை மாட்டினார்கள், கணினித் திரையைப் பார்த்தார்கள், "ஈ.சி.யு. போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்றார்கள். விலையைச் சொன்னார்கள். வண்டியை விற்றால் வரும் பணத்தில் பாதி! அதுவும் உடனே கிடைக்காதாம். இந்த மாதிரி வண்டி இப்போது தயாராவதில்லை, எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டுமாம். "பேசாமல் வண்டியை மாற்றிவிடுங்களேன்" என்று இலவசமாக ஓர் அறிவுரையும் சேர்த்தார்கள்.

ஈ.சி.யு. என்பது என்ன? அலாவுதீன் விளக்கா? டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் கார்புரேட்டர் இருந்தது. திருப்புளியும் காதும் இருந்தால் நம் மெக்கானிக் அதைப் பாட வைப்பான். 2000 ஏப்ரலில் யூரோ 1க்கு இணையான புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் வந்தது. நல்ல சட்டந்தான், நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நன்மை செய்த சட்டந்தான். அதன் பிறகு கார்புரேட்டர் படிப்படியாக விடைபெற, பெட்டி அரியணை ஏறியது. கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு அழுத்தம் என்று சென்சார்கள் சேதி சொல்ல, இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும், பிளக்கில் எந்த நொடியில் பொறி பறக்க வேண்டும் என்று அது ஆணையிடும்.

அந்த அரசனுக்கும் மூப்பு உண்டு. உள்ளேயிருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்து, உலர்ந்துபோகும், சில கசியும், கசிந்த நீர் பலகையின் செம்புக் கோடுகளை அரிக்கும். அதிர்ச்சியில் ஈயப் பற்றில் விரிசல் விழும். மழைநீர் புகுந்தால் சொல்லவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால் நொடியில் சாம்பலாகலாம்.

ஆனால் ஒன்று. பெட்டி கெட்டது என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது கடினம். இதை நம் பட்டறைத் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு எரிகிறதா? எரியவில்லையானால் முதலில் பியூசையும் ரிலேயையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். பெட்டிக்குச் சோறே போகாதபோது பெட்டி எப்படி வேலை செய்யும்? இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ ஷார்ட் ஆகிப் பெட்டியை எரித்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் புதுப்பெட்டி மாட்டுகிறவன் இரண்டு பெட்டிக்குப் பணம் கொடுப்பான்.

நம் தோழர் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனார். ஒட்டுத்தாளில் உள்ள எண் ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்தும் பழைய பெட்டியொன்றைத் தேடிப் பிடித்தார். மாட்டினார். இன்ஜின் சுழன்றது, உயிர் வரவில்லை. ஏன்? சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. பெட்டி அதனிடம் அடையாளம் கேட்கிறது. வேறு வண்டியிலிருந்து வந்த பெட்டிக்கு இந்தச் சாவி அந்நியன்! இரண்டையும் அறிமுகம் செய்துவைக்கும் கருவி யாரிடம் இருக்கிறது? முதலில் கைவிரித்தார்களே, அவர்களிடம்! போய்க் கேட்டார். வெளியே வாங்கிய பெட்டிக்குச் செய்து தரமாட்டோம் என்றார்கள்.

திருடனுக்குப் பூட்டு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்! யார் மறுத்தது? வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறோம். சாவியைக் கடைக்காரனே வைத்துக்கொண்டால் அந்த வீடு யாருடையது? காசு கொடுத்தவன் நான், பதிவுப் புத்தகம் என் பெயரில். 2022 ஏப்ரலில் பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்களே, அதைக் கட்டியவனும் நான். என் வண்டியின் மூளைக்கு மட்டும் எசமானன் வேறொருவனா?

இது புதிய வழக்குமன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது! வழக்கு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று நீண்டது. பணம் படைத்தவனுக்கு வழக்கு பொழுதுபோக்கு. பட்டறைக்காரனுக்குப் பொழுது போனால் பிழைப்பும் போகும். அமெரிக்காவிலே, முதலாளித்துவத்தின் தாயகத்திலே, மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012 இல் வாக்களித்து இந்த உரிமையைப் பெற்றார்கள். 2020 நவம்பரில் மீண்டும் வாக்களித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் பழுதுபார்க்கும் உரிமையின் பக்கம் நின்றார்கள். இங்கே டில்லி என்ன செய்தது? 2022 டிசம்பர் 24 இல் ஓர் இணையதளம் திறந்தது. விளக்குப் போட்டார்கள், சரி; கதவைத் திறக்கச் சொல்லும் சட்டம் எங்கே?

இன்னார் படிக்கலாம், இன்னார் படித்தால் பாவம் என்று எழுதி வைத்தவர்களை நாம் அறிவோம். கேட்ட காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற நாட்டில் பிறந்தவர்கள் நாம். எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்த பையன் பெட்டியைத் திறக்கக் கூடாது, அதன் குறியீட்டைப் பார்க்கக் கூடாது என்று இன்று ஒரு கூட்டம் சொல்லும்போது, அந்தப் பழைய குரல் நம் காதில் விழாமல் இருக்குமா?

அப்படியொரு பையன்தான் நம் தோழரின் பெட்டியைத் திறந்தான். ஒரு சந்துக்குள், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை. பூதக்கண்ணாடியில் பார்த்தான்; உப்பிக் கசிந்த கெப்பாசிட்டர் இரண்டு. அரிப்பைத் துடைத்து, அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டு, புதியவற்றைப் பற்றவைத்தான். அந்த இரண்டின் விலை ஒரு தேநீர்க் கடைக் கணக்கு. கூலி 600 ரூபாய். எல்லாப் பெட்டியும் இப்படிப் பிழைக்காது. நடுவிலுள்ள பெரிய சில்லு செத்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது மாற்றும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

பழைய பெட்டியையும் சாவியையும் இணைக்கும் வழி, பதிவுப் புத்தகத்தைக் காட்டும் எவருக்கும், நியாயமான கட்டணத்தில், எந்தப் பட்டறையிலும் கிடைக்கச் சட்டம் செய்க! வண்டி விற்பனை நின்ற பின்னும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பெட்டியும் வரைபடமும் கிடைக்கச் செய்க! நம் மாநிலத்தில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 மையங்களாயின, பெருமைதான். அங்கே புதிய எந்திரங்களோடு இந்தப் பலகைப் பழுதையும் பாடமாக வைக்க வேண்டும் என்று நம் அரசிடமும் கேட்கிறோம். உரியவர்களிடம் கேட்பதற்கு நமக்கென்ன கூச்சம்?

துண்டறிக்கைகள் மட்டும் ஒரு வாரம் தாமதமாக வந்தன. கூட்டத் தேதியைப் பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள்.